தண்ணீருக்குப் பவுடர் பூசினால் கோலி குண்டு!

கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. சுவரில் இருக்கும் சின்னக் கீறல்தான் வாசல். அந்த வீட்டுக்குள் நூறு பேருக்கு மேல் கூட்டுக்குடித்தனம். எல்லோருக்கும் எல்லா வேளையும் இனிப்புத் தண்ணீர்தான் சாப்பாடு. குடித்தது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அங்கே கழிவறையும் இல்லை, சாக்கடையும் இல்லை. கழிவோ, தொட்டால் விடாத சர்க்கரைப் பாகு. மேலே பட்டால் கை கால் ஒட்டிக்கொண்டு, அதிலேயே மூழ்கி உயிர் போய்விடும்.

இப்படி ஒரு வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அசுவினிப் பூச்சிகள். அவரைக் கொடியின் நுனியில் கருகருவென்று மொய்க்குமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நம் தோட்டத்து அசுவினிக்குக் கழிவு ஒரு பிரச்னையே இல்லை. செடியின் சாற்றை உறிஞ்சும், மிஞ்சிய சர்க்கரையைத் துளியாக வெளியே விடும். அது கீழே சொட்டிவிடும். இல்லையென்றால் எறும்பு வந்து நக்கிவிட்டுப் போகும். ஆனால், ஐரோப்பாவில் பாப்லர் மரத்தில் வாழும் பெம்ஃபிகஸ் என்ற அசுவினி வகைக்கு அந்த வசதி இல்லை. (காஷ்மீருக்குச் சுற்றுலா போனவர்கள் சாலையோரத்தில் நெட்டை நெட்டையாக வரிசை கட்டி நிற்கும் பாப்லர் மரங்களைப் பார்த்திருப்பார்கள்.) அந்த மரத்தின் இலைக்காம்பை முறுக்கிக் கொப்புளம்போல வீங்கவைத்து, அதற்குள்தான் இந்த அசுவினிகள் குடியிருக்கின்றன. பூட்டிய அறைக்குள் பாகு கொட்டினால் என்ன ஆகும்? மொத்தக் குடும்பமும் காலி.

அதற்கு அவை கண்டுபிடித்திருக்கும் வழி, மெழுகு. இந்த அசுவினிகளின் உடம்பிலிருந்து வெள்ளை வெளேரென்று மெழுகுத்தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கொப்புளத்தின் உள்சுவர் முழுக்க அந்தத் தூள் படிந்திருக்கும். கழிவுத் துளி விழுந்ததும் அதைச் சுற்றி மெழுகுத்தூள் அப்பிக்கொள்ளும். சீடைக்கு உருட்டிய மாவை அரிசி மாவில் புரட்டி எடுத்ததுபோல, துளி ஓர் உலர்ந்த உருண்டையாகிவிடும். உள்ளே பாகு, வெளியே பவுடர். தொட்டால் ஒட்டாது. குடும்பத்தில் இளசுகளுக்கு ஒரு வேலை உண்டு. எதிரி வந்தால் சண்டை போட வேண்டும். எதிரி இல்லாத நேரத்தில் இந்த உருண்டைகளை உருட்டிக்கொண்டுபோய் வாசல் வழியாக வெளியே தள்ள வேண்டும். சிப்பாயும் அவர்களே, துப்புரவுப் பணியாளர்களும் அவர்களே.

2002-ம் ஆண்டில் இந்த அசுவினி வீட்டைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. கோலியை வைத்து ஆங்கிலத்தில் ஒரு சிலேடையைத் தலைப்பாக்கியிருந்தார்கள். எழுதிய நால்வரில் ஒருவர் எல்.மகாதேவன். சென்னை ஐ.ஐ.டி-யில் பி.டெக் படித்தவர், இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். துணி மடிவது, தோல் சுருங்குவது என்று எல்லோரும் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் விஷயங்களுக்குக் கணக்குப் போடுவது இவருடைய பாணி. அந்தச் சுருக்கக் கணக்குக்காக 2007-ல், 'முதலில் சிரிக்கவைக்கும், பிறகு சிந்திக்கவைக்கும்' ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டவர்.

பாரிஸில் உருண்ட கோலி

அசுவினி எத்தனை காலமாக இதைச் செய்துவருகிறதோ தெரியாது. மனிதர்கள் இதற்குப் பெயர் வைத்தது 2001-ல். பாரிஸில் பாஸ்கல் ஓசியூ, டேவிட் கெரே என்ற இரு இயற்பியலாளர்கள், ஒரு துளி நீரை மிக நுண்ணிய தூளில் உருட்டி எடுத்தார்கள். 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர், 'லிக்விட் மார்பிள்'. மார்பிள் என்றதும் வீட்டுத் தரைக்குப் போடும் சலவைக்கல் ஞாபகத்துக்கு வரலாம். அது இல்லை, இது கோலி குண்டு. திரவக் கோலி.

அவர்கள் பயன்படுத்திய தூள் பலருக்கும் தெரிந்ததுதான். பிளஸ் ஒன் தாவரவியல் புத்தகத்தில் வருகிற லைக்கோபோடியம் செடியின் வித்துத்தூள். ஹோமியோபதி மருந்துக்கடைக்குப் போகிறவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கம். ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 30-ல் ஒரு பங்கு. இயல்பாகவே தண்ணீரோடு சேராத தூள். ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் இதைத் தூவிவிட்டு விரலை உள்ளே விட்டு எடுத்தால் விரல் நனையாமல் வெளியே வரும். பாரிஸ் ஆய்வாளர்கள் அதற்கு மேலும் ஒரு ரசாயனப் பூச்சு கொடுத்து, தண்ணீரை இன்னும் அதிகமாக விலக்கும்படி செய்தார்கள்.

'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் சொல்வோமே, அதைத் தலைகீழாகப் போட்டால் திரவக் கோலி. தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் மெழுகும் இருக்கின்றன. அதனால் தண்ணீர் இலையைத் தொடுவதில்லை. மேடுகளின் உச்சியில், காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டாத குணம் அங்கே இலைக்குச் சொந்தம். துளி இலையைவிட்டு இறங்கி உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டால் சராசரித் தண்ணீராகிப் பரவிவிடும். திரவக் கோலியில் ஒட்டாத குணம் துளிக்கே சொந்தம். தாமரை இலையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு கிளம்பிய தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் விட்டாலும் உருளும், கண்ணாடியில் விட்டாலும் உருளும், உள்ளங்கையில் விட்டாலும் நனைக்காமல் உருளும். வேடிக்கை என்னவென்றால், தண்ணீரின் மேலேயே விட்டாலும் கரையாமல் மிதக்கும்!

பவுடர் ஏன் உதிர்ந்துவிடுவதில்லை? பசை போட்டா ஒட்டியிருக்கிறார்கள்? தேவையில்லை. எந்தத் திரவத்துக்கும் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் ஆசை உண்டு. பாடப் புத்தகத்தில் பரப்பு இழுவிசை என்று படித்ததுதான். ஒரு துகள் வந்து மேற்பரப்பில் உட்கார்ந்தால், அந்த இடத்தில் தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள பரப்பு கொஞ்சம் குறைகிறது. தண்ணீருக்கு அது லாபம். எனவே, துகளை விட மனசில்லை. துகளுக்கோ தண்ணீருக்குள் போகவும் பிடிக்காது. ஆகவே கால்வாசி உள்ளே, முக்கால்வாசி வெளியே என்பதுபோல விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான துகள்கள் சுற்றி நின்றால், தரையைத் தொடுவது துகள்கள்தான். தண்ணீர் தரையைத் தொடுவதே இல்லை.

துகள்களுக்கு இடையில் சந்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் வெளியே கசியாது. ஆனால், காற்று உள்ளே போகும். பிறகு வரப்போகிற பயன்களுக்கெல்லாம் இதுதான் ஆதாரம். வரப்போகிற தலைவலிக்கும் இதுதான் காரணம்.

சின்னது முந்தும்

கோலியின் அளவு பற்றியும் கொஞ்சம். சுமார் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளி கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். அதில் இருப்பது 10 மைக்ரோலிட்டர் தண்ணீர். ஒரு டீஸ்பூன் தண்ணீரில் இப்படி 500 கோலிகள் உருட்டிவிடலாம். துளி பெரிதாகப் பெரிதாக அதன் சொந்த எடையே அதை அமுக்கும். கோலியாக இருந்தது இட்லியாகிவிடும்.

இரண்டு கோலிகளைச் சரிவில் விட்டால் பெரியது முந்தும் என்றுதான் தோன்றும். ஆனால், கிளிசரின்போலக் கொழகொழப்பான திரவமாக இருந்தால் சின்னதுதான் முந்தும். இதை மகாதேவனும் ஈவ் பொமோவும் 1999-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். பெரிய துளி தன் எடையால் தட்டையாகி, அகலமான அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறது. சின்னத் துளிக்குத் தரையோடு தொடர்பு பெயரளவுக்குத்தான். இன்னும் வேகமாகச் சுழலவிட்டால் கோலி தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். சில சமயம் சக்கரம்போல, சில சமயம் இடுப்பு ஒடுங்கிய வேர்க்கடலைபோல ஆகும் என்று பாரிஸ் ஆய்வாளர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, அசுவினியின் பிரச்னையும் மருத்துவ ஆய்வகத்தின் பிரச்னையும் ஒன்றேதான் என்பதுதான் பதில். அது 'ஒட்டுதல்'. ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு குழாய்க்குள் விட்டால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். விலை உயர்ந்த மருந்துத் துளியும் அப்படியே. துளி சிறிதாகச் சிறிதாக, ஒட்டி வீணாவதுதான் அதிகம். பாத்திரமே இல்லாமல் துளியைத் துளியாகவே வைத்துக் கையாள முடிந்தால்?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் முயன்றார்கள். ரத்தத் துளியை நீர் ஒட்டாத தூளில் உருட்டி 'ரத்தக் கோலி' செய்து, அதற்குள் ஊசியால் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். ரத்த வகை பொருந்தினால் சிவப்பணுக்கள் திரண்டு கீழே இறங்கும். கோலியின் ஒரு பகுதி வெளுத்து, இன்னொரு பகுதி கறுத்துத் தெரியும். பொருந்தாவிட்டால் நிறம் ஒரே சீராக இருக்கும். 2012-ல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு 2010-ல் இதே பல்கலைக்கழகம், வாயுவை மோப்பம் பிடிக்கும் கோலியையும் காட்டியிருந்தது. பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் பினாப்தலின் போட்டு இளஞ்சிவப்பு வந்ததா என்று உற்றுப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். நிறம் மாற்றும் திரவத்தைக் கோலிக்குள் வைத்தால், அமோனியா போன்ற வாயு சந்து வழியாக உள்ளே போய் நிறத்தை மாற்றிவிடும்.

அதே 2010-ல், அதே நாட்டின் டீக்கின் பல்கலைக்கழகம் தூளையே மாற்றிப் பார்த்தது. காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடுத் தூள். இப்போது காந்தத்தை நகர்த்தினால் கோலி பின்னாலேயே ஓடிவரும். அடியில் காந்தத்தை வைத்து இழுத்தால் தூள் கீழே ஒதுங்கி, கோலியின் தலை திறந்துகொள்ளும். உள்ளே ஒரு சொட்டு மருந்தை விடலாம். காந்தத்தை விலக்கினால் திரும்ப மூடிக்கொள்ளும். கதவு வைத்த தண்ணீர்! ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நீரில் மிதக்கும் கோலியை ஒளிக்கதிராலேயே நகர்த்திக் காட்டினார்கள். பிரிட்டனின் பிரிஸ்டலில், கோலிகளை மோதவிட்டுக் கணினியின் கூட்டல் கணக்கைச் செய்ய முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கடைசி ரகத்தை அறிவியல் குறும்பு என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

மூக்கிலிருந்து முதுகுக்கு

ஆனால், பிரிஸ்பேன் நகரில் நடப்பது குறும்பு அல்ல. அங்கே க்ரிஃபித் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களைப் பற்றி அங்கே நீண்டகாலமாக யோசிக்கிறார்கள். கை எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். முதுகுத்தண்டு நரம்பு அறுந்தால் மறுபடி இணைவதில்லை. உடம்பில் இதற்கு ஒரு விதிவிலக்கு மூக்கு. வாசனை அறியும் நரம்புகள் வாழ்நாள் முழுக்க அழிந்து அழிந்து புதிதாக முளைக்கின்றன. அப்படி முளைக்கும் நரம்புக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகும் உறைச்செல்கள் மூக்கில் இருக்கின்றன. அவற்றை எடுத்து முதுகுத்தண்டில் வைத்தால், அங்கேயும் வழிகாட்டுமா?

பிரிஸ்பேனில் ஆலன் மக்கே சிம் என்ற விஞ்ஞானியின் குழு 2002-ல் இதை மனிதர்களிடம் சோதித்தது. அவரவர் மூக்குச் செல்களையே எடுத்து வளர்த்து அவரவர் முதுகுத்தண்டில் செலுத்தினார்கள். ஆபத்து இல்லை என்பது உறுதியானது. ஆனால், எழுந்து நடக்கும் அளவுக்கு முன்னேற்றம் வரவில்லை. செல்களைத் தனித்தனியாகத் திரவத்தில் கலந்து ஊசியால் செலுத்தும்போது, அவற்றில் நிறைய பிழைப்பதில்லை என்பது இந்த சிகிச்சையின் பெரிய சிக்கல்களில் ஒன்று.

திரவக் கோலி நுழையும் இடம் இதுதான். ஆய்வகத்தில் செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். செல்கள் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு, தோசைபோலத் தட்டையாகப் பரவும். உடம்புக்குள் எந்தச் செல்லும் அப்படி வாழ்வதில்லை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டு வாழ்ந்து பழகியது அது. 2015-ல் க்ரிஃபித் ஆய்வாளர்கள், மூக்கின் உறைச்செல்களைச் சத்துத் திரவத்தோடு சேர்த்து, டெஃப்லான் தூளில் உருட்டினார்கள். ஆம், ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான். அந்தக் கோலியைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். உள்ளே இருந்த செல்களுக்கு ஒட்டிக்கொள்ளச் சுவரே இல்லை. வேறு வழியின்றி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டன. உடம்புக்குள் இருப்பதைப்போல முப்பரிமாணத்தில்! சுவாசிக்கத் தேவையான ஆக்சிஜன், தூளின் சந்து வழியாக வந்துகொண்டிருந்தது.

கையைக் கோத்துக்கொண்டு கூட்டமாகப் போகும் செல்கள், தனித்தனியாகப் போகும் செல்களைவிட முதுகுத்தண்டில் நன்றாகப் பிழைக்கும் என்பதுதான் இந்தக் குழுவின் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு என்பதை அடிக்கோடிட வேண்டும். 'பவுடர் கோலி வந்துவிட்டது; முதுகு உடைந்தவர் இனி நடக்கலாம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். பல வருடங்களாகப் படுக்கையில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு, எந்த ஃபார்வேர்டு வந்தாலும் படபடப்போடு திறந்து பார்க்கும் வீடுகள் இங்கே நிறைய. அவர்களுக்கு அரைகுறைச் செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கொடுமை. இன்றைய தேதியில் திரவக் கோலி என்பது செல் வளர்க்கும் ஒரு கருவி, சிகிச்சை அல்ல.

அந்தக் கருவிக்கும் ஒரு பெரிய தலைவலி உண்டு. காற்று உள்ளே போகும் சந்து வழியாகவே நீராவி வெளியே போகும். கோலியைத் திறந்த அறையில் விட்டால் மெல்ல மெல்ல வற்றி, வெயிலில் வைத்த தக்காளிபோல மேலே குழி விழும். பிறகு தூள் மட்டும் ஓடாக மிஞ்சும். செல்களைக் கோலிக்குள் நாள்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் அது வற்றக் கூடாது. பிரிஸ்பேனில் கோலியைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டதில் இந்தக் கணக்கும் உண்டு. சுற்றிலும் ஈரக் காற்று இருந்தால் வற்றுவது குறையும். அசுவினிக்கு இந்தக் கவலையே இல்லை. அது உருட்டி வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

இந்தக் கோலிக்குத் தம்பி முறையில் 'உலர்ந்த தண்ணீர்' என்று ஒரு சரக்கும் இருக்கிறது. சிலிக்கா தூளையும் தண்ணீரையும் வேகமாக அடித்துக் கலக்கினால், ஒவ்வொரு நுண்துளியும் தூளுக்குள் அடைபட்டு, மொத்தமும் பவுடர்போலக் கொட்டும். அதில் 95 சதவிகிதம் தண்ணீர்தான். 1968-லேயே காப்புரிமை வாங்கப்பட்ட விஷயம். கையில் தேய்த்தால் தண்ணீராகிவிடும் என்பதால் அழகுசாதனக் கம்பெனிகள் இதை மோப்பம் பிடித்தன. மீத்தேன் வாயுவைச் சேமிக்கவும், கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கவும் பயன்படுமா என்று பிறகு பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள்.

வீட்டில் பார்க்க

லைக்கோபோடியம் தூளைத் தேடி அலைய வேண்டாம். அது நெருப்பில் பட்டால் குப்பென்று பற்றும். ஒருகாலத்தில் நாடக மேடையில் தீ காட்டவும் மத்தாப்புக்கும் பயன்பட்ட தூள். டெஃப்லான் தூளும் மூக்குக்குள் போகக் கூடாதது. ஒரு மெழுகுவத்தி, ஒரு பழைய எவர்சில்வர் கரண்டி, ஒரு இங்க் ஃபில்லர் போதும். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

கரண்டியின் குழிவான பக்கத்தைச் சுடரின் நுனியில் காட்டி, கரி கனமாகப் படியும்வரை அசைத்துக்கொண்டே இருங்கள். வெள்ளி தெரியாமல் வெல்வெட்போலக் கறுத்த பிறகு நன்றாக ஆறவிடுங்கள். கரியை விரலால் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் கெட்டுவிடும். இப்போது ஃபில்லரால் ஒரே ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். அது பரவாது. பாதரசம்போலப் பளபளவென்று உருண்டு நிற்கும். கரண்டியைச் சாய்த்தால் விளிம்புக்கு விளிம்பு ஓடும். இதுவரை நடந்தது தாமரை இலை வித்தை. விடாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் உதிரும் கரியைத் துளி தன் மேல் அப்பிக்கொண்டு, பளபளப்புப் போய் மங்கலான கறுப்பு உருண்டையாகும். அதுதான் திரவக் கோலி. முதல் தடவையிலேயே சரியாக வராமல் உடைந்தால் மறுபடி கரி பிடித்துப் பாருங்கள். பூச்சு எங்காவது விட்டுப்போயிருக்கும்.

கடைசியாக, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒரு குச்சியை நனைத்து, அந்த உருண்டையை லேசாகத் தொடுங்கள். சோப்பு பட்டதும் பரப்பு இழுவிசை குறைந்து, அதுவரை விலகி நின்ற கரியும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். கோலி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஈரம் மட்டும் இருக்கும். கரண்டியைத் தேய்ப்பதற்கும் அதே சோப்புதான்.